மர அகப்பைக்குப் பயந்த ஊர்: கார்டிஃபில் நான்கு நாட்கள்

பிப்ரவரி 1, 2024, வியாழன்

ரக்பியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே சங்கதி. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. இந்த அறிவோடு என்னை வேல்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனவர் என் கண்டி நண்பர். பள்ளி நாளில், இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நின்று மூக்கை உடைத்துக்கொண்டவர். முப்பது வருடமாகியும் அந்தக் கோணல் மூக்கைப் பதக்கம் மாதிரி சுமந்து திரிகிறார்.

"சிக்ஸ் நேஷன்ஸ், அதான் ஆறு நாடுகள் மோதுகிற ரக்பிப் போட்டி, தொடங்குகிறது. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் முதல் ஆட்டம் சனிக்கிழமை கார்டிஃபில். டிக்கெட் என் பொறுப்பு. நீர் பையைத் தூக்கிக்கொண்டு வாரும், போதும்" என்றார். டிக்கெட் தன் பொறுப்பு என்று அவர் சொன்னதை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும்.

ரெடிங்கில் ரயில் ஏறினோம். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர், மடியில் சாண்ட்விச் டப்பா. 1886-ல் திறந்த ஸெவர்ன் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தது. தலைக்கு மேலே நதி; ஏழு கிலோமீட்டருக்கு இருட்டு. காது அடைத்துக்கொண்ட அந்த நேரத்தில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"மேலே பாலம் இருக்கிறது. முன்பு வேல்ஸுக்குள் வருகிற காருக்கு மட்டும்தான் சுங்கம். வெளியே போகிறவனுக்கு இலவசம். எங்கள் ஊருக்கு வரக் காசு கொடுக்கலாம், நியாயம். இங்கிலாந்துக்குப் போக எவன் காசு கொடுப்பான்?" சாண்ட்விச்சைக் கடித்து மென்று முடித்துவிட்டுத் தொடர்ந்தார். "2018 டிசம்பரில் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வருகிறார்கள்." எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நண்பர் சும்மா இருப்பாரா? "சனிக்கிழமை என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார்.

"தோற்போம்."

நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். குரலில் வருத்தமே இல்லை. பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆலன் வின் ஜோன்ஸ் வேல்ஸுக்காக 158 ஆட்டம் ஆடி ஓய்வுபெற்றுவிட்டார். டான் பிகர் போய்விட்டார். லீ ஹாஃப்பென்னியும் போய்விட்டார். ஜாக் மோர்கனுக்குக் காயம். சிறகு முளைத்த மாதிரி ஓடுகிற ஒரே பையன் லூயிஸ் ரீஸ்-ஸாமிட், இரண்டு வாரத்துக்கு முன்னால், அதுவும் அணியை அறிவிக்கிற நாளிலேயே, அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். இப்போது கேப்டன் டாவித் ஜென்கின்ஸ், வயது 21. "அவனைவிட மூத்த ஸ்வெட்டர் என்னிடம் இருக்கிறது" என்று தான் போட்டிருந்ததைத் தொட்டுக் காட்டினார். முழங்கையில் இரண்டு ஒட்டு இருந்தது. நம்பத் தகுந்த ஸ்வெட்டர்தான்.

கார்டிஃபில் இறங்கியபோது தூறல். பிப்ரவரிக்குக் குளிர் குறைவு, பத்து டிகிரி இருக்கும். சாலையில் பெரிய எழுத்தில் 'ஆரவ்' என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு பையனின் பெயரைத் தெருவெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்களே என்று பார்த்தால், வேல்ஷ் மொழியில் 'மெதுவாக' என்று பொருளாம். பலகைகளில் வேல்ஷ், ஆங்கிலம் இரண்டும். பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பத்துப் பேர் இறங்கினால் பத்து நன்றி. பதினொன்றாவதாக நானும் சொன்னேன்.

தங்கிய இடம் கதீட்ரல் சாலையில் ஒரு பழைய வீடு. மற்ற நாளில் எழுபது பவுண்டு வாங்குகிற அறைக்கு ஆட்டத்தை முன்னிட்டு 155. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். எல்லோரையும் நம் ஊரில் 'கண்ணு' என்கிற மாதிரி ஒரு சொல்லால் அழைக்கிறார். வாடகை ரசீதை நீட்டும்போதும் அதே கண்ணு.

கூடத்து மேஜையில் ஊறுகாய் போட்டுவைத்த கண்ணாடி ஜாடி ஒன்று, கழுவிக் காயவைத்தது. தங்குகிறவர்கள் ஆளுக்கு ஒரு பவுண்டும், சனிக்கிழமை புள்ளிக் கணக்கை எழுதிய சீட்டும் போட வேண்டும். நெருங்கி வருகிறவருக்கு ஜாடி. அந்த அம்மா தன் சீட்டை ஒளிக்கவே இல்லை: ஸ்காட்லாந்து இருபது புள்ளி வித்தியாசத்தில். "சொந்த நாட்டுக்கு இப்படியா?" என்று கேட்டேன். "இந்த வருடம் மரக்கரண்டி எங்களுக்குத்தான், கண்ணு" என்றார்.

கடைசி இடத்துக்கு வருகிற அணிக்குக் கிடைக்கும் அவமானத்துக்குப் பெயர் மரக்கரண்டி. கையில் எதுவும் தர மாட்டார்கள், பேச்சோடு சரி. வேல்ஸ் அதற்கு முன் அதை வாங்கியது 2003-ல். எனக்கு உடனே மர அகப்பைதான் ஞாபகம் வந்தது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று எங்களிடம் ஒரு பழமொழி உண்டு என்று விளக்கிச் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. "எங்கள் சட்டியில் இந்த வருடம் சின்னப் பையன்கள்தான் இருக்கிறார்கள்" என்றார்.

நண்பர் ஸ்காட்லாந்து 24, வேல்ஸ் 20 என்று எழுதினார். நான் யோசித்து, விருந்தாளியாக வந்த இடத்தில் மரியாதையாக இருக்கட்டும் என்று, வேல்ஸ் 4, ஸ்காட்லாந்து 2 என்று எழுதிப் போட்டேன்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ட்ரை, அதற்கு ஐந்து புள்ளி, அதற்குப் பிறகு உதைத்துச் சேர்த்தால் இரண்டு, பெனால்டிக்கு மூன்று. ஆக ஒரு ரக்பி அணியால் ஒன்று, இரண்டு, நான்கு என்ற எண்ணிக்கைகளை எந்த ஜென்மத்திலும் எட்ட முடியாதாம். நடக்கவே முடியாத மூன்று எண்ணில் இரண்டை நான் ஒரே சீட்டில் பிடித்திருக்கிறேன். அதைக் காந்தம் வைத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார். ஒரு பவுண்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

காலை உணவில் கறுப்பும் பச்சையுமாக ஒரு மசியல். கீரை என்று நினைத்து ஒரு கரண்டி நிறைய எடுத்துவிட்டேன். கடற்பாசி. மணி நேரக் கணக்கில் வேகவைத்து ஓட்ஸ் மாவில் புரட்டிப் பொரித்தது. முதல் வாய்க்குக் கடற்கரை வாடை, மூன்றாவது வாய்க்குப் பழகிவிடுகிறது. நான்காவது வாய்க்கு நான் போகவில்லை.

பக்கத்து மேஜையில் ஸ்காட்லாந்தின் தென்கோடிச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் காலையிலேயே நீலமும் மஞ்சளும் கலந்த கட்டம் போட்ட கால்சட்டையில் இருந்தார். டாடி வியர் என்ற ஸ்காட்லாந்து வீரரின் நினைவுக்காக அணிகிற கட்டம் அது. ஆறரை அடி உயர மனிதர். நரம்பு நோயால் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து 2022 நவம்பரில் இறந்துபோனார். வேல்ஸும் ஸ்காட்லாந்தும் மோதும் ஆட்டத்துக்கு 2018 முதல் அவர் பெயரில்தான் கோப்பை. இதைச் சொல்லும்போது மட்டும் அந்த மேஜையில் கிண்டல் நின்றிருந்தது. அடுத்த நிமிடம் மறுபடி தொடங்கிவிட்டது.

"கார்டிஃபில் நீங்கள் கடைசியாக ஜெயித்தது எப்போது?" என்று வீட்டுக்கார அம்மா, பதில் தெரிந்தே, டீயை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"2002."

"அப்போது என் முழங்கால் நன்றாக இருந்தது."

"2020-ல் ஜெயித்தோமே!"

"அது லனெத்லியில். கொரோனாவுக்காகக் காலியாக இருந்த மைதானத்தில். பார்க்க ஒரு ஆடுகூட இல்லாத ஆட்டத்தை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை."

அந்தக் கணவர் 2010-ஐப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் மனைவி எழுந்து அறைக்குப் போய்விட்டார். பல தடவை கேட்டிருப்பார் போலிருக்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடமே இருக்கும்போது ஸ்காட்லாந்து 24, வேல்ஸ் 14. இவர் கையில் பீர்க் குவளையோடு எழுந்து நின்று பாடத் தொடங்கிவிட்டாராம். முடிந்தபோது வேல்ஸ் 31, ஸ்காட்லாந்து 24. கடைசி ட்ரையை வைத்த ஷேன் வில்லியம்ஸ் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டிய காட்சியை உப்பு, மிளகு டப்பாக்களை நகர்த்தி எங்களுக்குக் காட்டினார். உப்பு டப்பாதான் ஷேன் வில்லியம்ஸ். பதினான்கு வருடம் கழித்தும் அந்த உப்பு டப்பாவை அவர் மன்னிக்கவில்லை.

அதனால் அவர் கணிப்பு: வேல்ஸ் ஒரு புள்ளியில் வெல்லும். "ஒரு புள்ளிதான் இருப்பதிலேயே அதிகமாக வலிக்கும். ஆகவே அதுதான் நடக்கும்."

நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதும் ஆட்டத்துக்குக் கல்கத்தா கோப்பை என்று பெயர். கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி சங்கம் மூடப்பட்டபோது வங்கியில் மிச்சம் இருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்ததாம். கைப்பிடிகளாக மூன்று நாகம், மூடியில் யானை. 1879 முதல் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள். "அப்படியென்றால் அது எங்கள் ரூபாய். கோப்பை எங்களுக்குச் சேர வேண்டியது" என்றேன். "வந்து ஆடி ஜெயித்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். நண்பர் என் தொப்பையைப் பார்த்தார்.

எனக்கு இதுவரை புரிந்தது இதுதான். இங்கே இரண்டு பக்கமும் தன் அணி தோற்கும் என்று சத்தியம் செய்கிறது. என் பாட்டி இருந்திருந்தால் வாயில் அடித்திருப்பாள். நல்ல வார்த்தை சொல்லு, மேலே ததாஸ்து தேவதை போய்க்கொண்டிருக்கும், அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிடும் என்பாள். ஆனால் அதே வீட்டில், பரீட்சை எழுதிவிட்டு வந்து 'சுமார்தான்' என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வகுப்பிலேயே முதலாவதாக வந்த அத்தை மகளும் இருந்தாள். கார்டிஃப் முழுக்க அத்தை மகள்கள். ஜெயிப்போம் என்று வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்ற பயம். திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பதிலாக வாயாலேயே சுற்றிப் போடுகிறார்கள்.

பகலில் ஊர் சுற்றினோம். 1891-ல் கட்டிய பழைய சந்தைக்குள் கல்லில் வார்க்கிற வேல்ஷ் கேக். கேக் என்பது பெயருக்குத்தான். உலர்திராட்சை போட்டுத் தட்டிய தடித்த பிஸ்கோத்து, மேலே சர்க்கரை. சூடாக ஆறு வாங்கினோம், மூன்றரை பவுண்டு. பையில் எண்ணிப் போட்ட பெண் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்து, "நாளைக்கு ஸ்காட்லாந்துக்காரன் யாரும் கேட்டால் ஐந்துதான் போடுவேன்" என்றாள். வணிக வளாகம் ஒன்றின் நடுவில் கேரத் எட்வர்ட்ஸின் சிலை, பந்தைக் கைமாற்றுகிற நிலையில். 1968-ல் இருபது வயதில் வேல்ஸின் கேப்டனானவர். இந்த 21 வயது ஜென்கின்ஸ் அவருக்கு அடுத்த இளைய கேப்டன். சிலைக்குக் கீழே உட்கார்ந்து பர்கர் சாப்பிட்ட இரண்டு பையன்கள், "இவரையே நாளைக்கு இறக்கலாம். வெண்கலமாக இருந்தாலும் பரவாயில்லை" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் டிக்கெட் வந்தது. நண்பரின் அலுவலகத் தோழர் வழியாக, ஒரு உறையில், இரண்டு டிக்கெட். நண்பர் அதை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். மூக்கு முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. டிக்கெட்டில் எழுதியிருந்தது மார்ச் 10, வேல்ஸும் பிரான்ஸும். ஊர் சரி, மைதானம் சரி, இருக்கைகூட நல்ல இருக்கை. ஐந்து வாரம் முன்னால் வந்துவிட்டோம், அவ்வளவுதான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை அவர் கவனிக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

இரவு ஒரு மதுக்கடையில் பிரான்ஸும் அயர்லாந்தும் ஆடியதைப் பார்த்தோம். தொடக்க ஆட்டம், மார்செயில். பாரிஸ் மைதானம் அந்த வருட ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பிரான்ஸ்தான் ஜெயிக்கும் என்று கடையே ஒருமனதாக இருந்தது. முதல் பாதியிலேயே பிரான்ஸின் வில்லெம்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அயர்லாந்து 38, பிரான்ஸ் 17. ஒருமனதாகச் சொன்னவர்களில் ஒருவர்கூட அதை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் அயர்லாந்து என்றுதான் சொன்னார்களாம்.

வெளியே வந்ததும் பசி. கரோலின் வீதி முழுக்க வறுவல் கடைகள். அங்கே 'பாதிப் பாதி' என்று ஒரு பதார்த்தம்: ஒரே தட்டில் பாதிச் சோறு, பாதி உருளைக்கிழங்கு வறுவல், இரண்டின் மேலும் மஞ்சள் கறிக்குழம்பு. சோற்றுக்கு உருளைக்கிழங்கு கறி என்பது நமக்குப் புதிதா என்ன? ஆனால் குழம்பில் இனிப்பு. ஆறு பவுண்டு. மழையில் நடைபாதையோரம் நின்றுகொண்டு தின்றோம். பாதி சாப்பிட்டபோது நண்பர் மெல்ல, "மார்ச்சில் மறுபடி வரலாம்" என்றார். என் தட்டில் மீதியிருந்த வறுவலை அவர் பக்கம் தள்ளினேன். சமாதானம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு உண்மையில் வயிறு நிறைந்துவிட்டது.

பிப்ரவரி 3, சனி

ஆட்டம் மாலை 4.45-க்கு. ஊர் காலை பத்துக்கே நிறைந்துவிட்டது. மைதானத்தை ஒட்டிய வெஸ்ட்கேட் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். தலையில் மஞ்சள் டாஃபடில் பூத் தொப்பி, முகத்தைச் சுற்றி இதழ்கள். எண்பது வயதுப் பாட்டியும் அதைப் போட்டிருக்கிறார், கைக்குழந்தையும் போட்டிருக்கிறது. எதிரே பாவாடை அணிந்த ஸ்காட்லாந்து ஆண்கள். நம் ஊரில் இரண்டு அணி ரசிகர்களை இப்படி ஒரே தெருவில் விட்டால் போலீஸ் வேன் நிற்கும். இங்கே ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, உன் அணிதான் ஜெயிக்கும் என்று அடம்பிடிக்கிறார்கள். பாவாடைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, யாருக்கு ஆதரவு என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அப்படியானால் வேல்ஸை ஆதரியுங்கள். எங்களை ஆதரிக்கும் வலியை உங்களுக்கு ஏன் தருவானேன்?" என்றார்.

டிக்கெட் இல்லாதவர்களுக்கு இடம் தேடி மூன்று கடை ஏறி இறங்கி, கான்ட்டன் பக்கம் ஒரு சிறிய கடையில் ஜன்னலோர மேஜையைப் பிடித்தோம். ஒரு பெரியவர், அவர் தங்கை, தங்கையின் இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒரு குவளை பீர் ஐந்து பவுண்டு அறுபது. நான் எலுமிச்சைச் சாறு வாங்கினேன், அதுவும் ஏறத்தாழ அதே விலை.

முதலில் ரோமிலிருந்து இத்தாலியும் இங்கிலாந்தும். கடை மொத்தமும் இத்தாலியாக மாறிவிட்டது. இங்கிலாந்துக்கு எதிராக ஆடுகிறவர் எவரோ அவரே இந்த ஊரின் சொந்தக்காரர். இடைவேளையில் இத்தாலி முன்னணியில் இருந்ததும் பெரியவர் எனக்கு ஒரு பொட்டலம் வறுவல் வாங்கிக் கொடுத்தார். கடைசியில் இங்கிலாந்து 27-24 என்று தப்பித்துக்கொண்டது. பொட்டலம் காலியாகிவிட்டதால் திருப்பிக் கேட்கவில்லை.

தேசியகீதம் ஒலித்தபோது கடையில் கண்ணாடிக் குவளை வைக்கும் சத்தம்கூட இல்லை. 'என் தந்தையரின் பழைய நாடு' என்று தொடங்கும் பாட்டு. 1905-ல் இதே ஊரில் ஆட்டம் தொடங்குவதற்கு முன் நியூசிலாந்து அணி ஆடிய ஹாக்கா என்ற போர் நடனத்துக்குப் பதில் சொல்ல வேல்ஸ் இதைத்தான் பாடியதாம். தோற்போம் தோற்போம் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊர், பாடும்போது மட்டும் அந்தப் பேச்சை மறந்துவிட்டது. பெரியவரின் கழுத்து நரம்பு விரல் பருமனுக்குப் புடைத்திருந்தது.

பாட்டு முடிந்ததும் ஸ்காட்லாந்து அடிக்கத் தொடங்கியது. ஃபின் ரஸ்ஸல் என்கிற அவர்கள் கேப்டன், தெருவில் கோலி விளையாடுகிறவன் மாதிரி அவசரமே இல்லாமல் பந்தைத் தட்டிவிடுகிறார். அது போய்ச் சேருகிற இடத்தில் வேல்ஸ் ஆள் இருப்பதில்லை. இடைவேளையில் 20-0. வேல்ஸ் ஒரு புள்ளி எடுக்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், மேஜையில் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. சொன்னோமல்லவா என்கிற நிம்மதி. பெரியவர், "2019-ல் பாரிஸில் 16-0-விலிருந்து எழுந்து ஜெயித்தோம். இருபதெல்லாம் முடியாது" என்று கணக்கை மூடினார். இடைவேளை முடிந்த கையோடு வான் டெர் மெர்வ தன் இரண்டாவது ட்ரையை வைத்தார். 27-0. தங்கை கைப்பையைத் திறந்து பின்னலை எடுத்துவிட்டார்.

மனைவியிடமிருந்து போன். உள்ளே கேட்காது என்று வாசலுக்குப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கடைக்குள் ஒரு சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேல்ஸ் ட்ரை வைத்துவிட்டது. போனை வைத்துவிட்டு உள்ளே போகக் கதவைத் தள்ளினேன். பெரியவர் எழுந்து, போக்குவரத்துக் காவலர் மாதிரி உள்ளங்கையைக் காட்டினார்.

வராதீர்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சச்சின் ஆடும்போது கழிவறைக்குப் போனவனை அங்கேயே இருக்கச் சொன்ன வீடுகளில் பிறந்தவர்கள் நாம். தலையாட்டிவிட்டு வாசலிலேயே நின்றேன்.

தூறல் மழையாகிவிட்டது. கூரைக் குழாயிலிருந்து இடது தோளில் மட்டும் குறிதவறாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி உள்ளே மூச்சுக்காற்றால் மங்கிவிட, தங்கையின் சின்ன மகன் கைச்சட்டையால் ஒரு தட்டு அளவு வட்டத்தைத் துடைத்துவிட்டான். அந்த வட்டத்துக்குள் தலைகளுக்கு நடுவே தெரிந்த ஒரு முழம் திரையில்தான் நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். ஸ்காட்லாந்து ஆட்கள் தவறு மேல் தவறாகச் செய்து, அவர்களில் இரண்டு பேர் மஞ்சள் அட்டை வாங்கிப் பத்துப் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்தார்கள். இரண்டாவது ட்ரை. பையன் கண்ணாடிக்குள்ளிருந்து இரண்டு விரலைக் காட்டினான். மூன்றாவது. பின்னல் ஊசி தரையில் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. நான்காவதை வைத்தது அலெக்ஸ் மான், வேல்ஸுக்கு அவருக்கு இதுதான் முதல் ஆட்டம். 27-26. இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறது.

இதில் நான் கவனித்தது ஒன்று. அந்த இருபது நிமிடத்தில் அந்தக் கடையில் ஒரு ஆள் ஆரூடம் சொல்லவில்லை. ஜெயிப்போம் என்றும் இல்லை, தோற்போம் என்றும் இல்லை. இரண்டு நாளாக ஓயாத வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

அப்போது தங்கை என்னைப் பார்த்தார். மழையில் ஒரு பக்கம் மட்டும் நனைந்து நிற்கிற அந்நியன். என்ன நினைத்தாரோ, எழுந்து வந்து கதவைத் திறந்து, "உள்ளே வாருங்கள், காய்ச்சல் வந்துவிடும்" என்றார். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை ஒரு பார்வை பார்த்தார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு வேல்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

ஆட்டம் 27-26 என்றே முடிந்தது. நான்கு ட்ரையில் ஒன்றுக்கு மட்டும் உதை தவறியிருந்தது. 22 வருடத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்து கார்டிஃபில் ஜெயித்தது. பெரியவர் என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு காய்ச்சல்" என்றார் மெதுவாக. "ஒரு சின்னக் காய்ச்சல். இரண்டு மாத்திரையில் போயிருக்கும்." பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த ஆட்டத்துக்கும் வரச் சொன்னார். வாசலில் நிற்பதற்கு நாற்காலியும் குடையும் தருவாராம்.

இரவு வீட்டுக்கார அம்மா விழித்திருந்தார். நனைந்த கோட்டை வாங்கி வெந்நீர்க் குழாய் ஓடும் இரும்புச் சட்டத்தின் மேல் போட்டுவிட்டு, "சட்டியில் ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே, கண்ணு" என்றார். சொன்ன மறுகணமே, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல மேஜையின் மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இடது தோளில் வலி, தொண்டையில் கரகரப்பு. காய்ச்சல் வரத்தான் செய்தது; பெரியவரிடம் சொன்னால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலை மேஜையில் ஜாடி வழக்கு. நண்பர் ஸ்காட்லாந்து நான்கு புள்ளியில் என்றார். நடந்தது ஒரு புள்ளி. மூன்று புள்ளி தள்ளி. ஸ்காட்லாந்துக்காரர் வேல்ஸ் ஒரு புள்ளியில் என்றார். கணக்குப்படி இரண்டு புள்ளிதான் தள்ளி. ஆனால் ஜெயித்த அணியையே தப்பாகச் சொன்னவருக்குப் பரிசா? "என் நாடு ஜெயித்துவிட்டது. அதனால் என் கணிப்பு தோற்றுவிட்டது. இதைவிட மகிழ்ச்சியாக நான் எதிலும் தோற்றதில்லை" என்று அவர் விட்டுக்கொடுத்தார். நண்பர் ஜாடியைக் கவிழ்த்து எண்ணினார், ஒன்பது பவுண்டு. கட்டம் போட்ட கால்சட்டையை ஒரு தடவை பார்த்தார். ஒன்பதையும் அந்த நரம்பு நோய் நிதிக்கு என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். டிக்கெட் விஷயத்தில் நான் வைத்திருந்த கோபம் அங்கே முக்கால்வாசி போய்விட்டது.

தோற்றும் வேல்ஸுக்குப் போட்டிப் பட்டியலில் இரண்டு போனஸ் புள்ளி: நான்கு ட்ரை வைத்ததற்கு ஒன்று, ஏழு புள்ளிக்குள் தோற்றதற்கு ஒன்று. அதனால் பயப்பட வேண்டாம் என்று நண்பர் ஆறுதல் சொன்னார். வீட்டுக்கார அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். "அடுத்து இங்கிலாந்து. அடி வாங்கப் போகிறோம்" என்றார். பழைய உற்சாகம் திரும்பிவிட்டிருந்தது.

மதியம் ரயிலுக்கு முன்னால் கடலோரம் போனோம். போன வருடம் ஜூலையில் அங்கே ஒரு சிலை திறந்திருக்கிறார்கள். பில்லி பாஸ்டன், கிளைவ் சல்லிவன், கஸ் ரிஸ்மன். மூவரும் இந்தத் துறைமுகப் பக்கத்துப் பையன்கள், மூவரும் வடக்கு இங்கிலாந்துக்குப் போய் ரக்பி லீக் என்ற இன்னொரு வகை ரக்பியை ஆடிப் பெயர் வாங்கியவர்கள். சல்லிவன் 1972-ல் பிரிட்டன் அணியின் கேப்டனாக உலகக் கோப்பையை வென்றார். எந்த விளையாட்டிலும் ஒரு பிரிட்டன் அணிக்குக் கேப்டனான முதல் கறுப்பினத்தவர். பாஸ்டன் ஆட ஆசைப்பட்டது தன் ஊர் அணிக்கும் வேல்ஸுக்கும்தான். தோல் நிறத்தால் கதவு திறக்கவில்லை. சிலைக்குப் பக்கத்தில் நின்ற பத்து நிமிடமும் நண்பர் பேசவில்லை. வழக்கமாக அவருக்கு அது முடியாத காரியம்.

கோட்டைக்கு எதிரே ஒரு கடையில் ஜன்னல் முழுக்க மரக்கரண்டி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே போய்க் கேட்டால், இது வேறு. வேல்ஸில் அந்தக் காலத்தில் காதலிக்குப் பையன் தன் கையாலேயே மரத்தில் கரண்டி செதுக்கிக் கொடுப்பானாம். இருப்பதில் பழையது 1667 என்று தேதியிட்டு, நகருக்கு வெளியே செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதயம் செதுக்கினால் அன்பு, சங்கிலி என்றால் பிரியாத உறவு, கூண்டுக்குள் உருளும் குண்டுகள் பிறக்கப்போகும் பிள்ளைகள். மனைவிக்கு ஒன்று வாங்கலாம் என்று கையில் எடுத்தேன். ஒரே மரத்துண்டில் குடைந்த சங்கிலி, விரலில் தொங்கவிட்டால் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கிறது.

நண்பர் வாயை அடக்கவில்லை. "கடைசி இடத்துக்கு வருகிற அணிக்குக் கொடுப்பார்களே, அந்தக் கரண்டி இதுதானா?" என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டார்.

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கரண்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "அது மார்ச்சில் எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்" என்றார். "இதற்குப் பதினெட்டு பவுண்டு."